முதலில் தாள், பிறகு தவளை

கேள்வி:

ஐயா, நாங்கள் பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். படிவம் இரண்டில் படிக்கும் என் மகனுக்கு 14 வயது. ஒரு வருடமாக அவனுக்கு மரத்தவளை வளர்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. பேஸ்புக்கில் ஒருவர் சிவப்புக் கண் மரத்தவளை 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன், 'சூராட் லெங்காப்', அதாவது தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன என்கிறார். ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் 'டம்பி' என்று பச்சையாய்க் குண்டாய் ஒரு தவளை இருக்கிறது. அடுத்த மாதம் ஹாட்யாய் போகும் என் அண்ணன் மகன், அங்கே பாதி விலைதான், டப்பாவில் வைத்து நானே கொண்டுவந்து தருகிறேன் என்கிறான். இதற்குள் என் மகன் சுங்கை பக்காப்பில் மாமியார் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு பழுப்புத் தவளையைப் பிடித்து வந்துவிட்டான். அது இப்போது என் சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. "தவளைக்கு என்ன சட்டம்?" என்கிறார் என் கணவர். எனக்கோ பயமாக இருக்கிறது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

– ஒரு தாய், ஆயர் ஈத்தாம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் கேட்ட கேள்வியை என் அலுவலகத்தில் உட்கார்ந்து பலர் கேட்டிருக்கிறார்கள். நாய்க்கு லைசன்ஸ் எடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். தவளை என்பது மழை பெய்தால் சாக்கடை ஓரத்தில் கத்துகிற பிராணி, அதற்குப் போய் யார் சட்டம் எழுதப் போகிறார்கள் என்ற நினைப்பு இயல்பானதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் நான்கு தவளைகள் இருக்கின்றன. நான்கையும் நம் நாட்டுச் சட்டம் நான்கு விதமாகப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்வோம்.

அதற்கு முன் ஒன்று. கடைக்காரர் 'டம்பி' என்பார், இன்னொருவர் 'கிரீன் ஃபிராக்' என்பார், மலாயில் 'காத்தாக் போக்கோக்' என்பார்கள். இந்தப் பெயர்கள் எதுவும் சட்டத்தின் முன் நிற்காது. சட்டத்தின் அட்டவணைகளில் இருப்பது அறிவியல் பெயர். எந்தத் தவளையைப் பார்த்தாலும் உங்கள் மகன் முதலில் கேட்க வேண்டியது, "இதன் லத்தீன் பெயர் என்ன?" என்பதுதான். அந்தப் பெயரைச் சொல்லத் தெரியாதவரிடம், அல்லது சொல்ல மறுப்பவரிடம், மேற்கொண்டு பேச வேண்டாம். பதினான்கு வயதுப் பையனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அவன் நம்மைவிட வேகமாகக் கற்றுக்கொள்வான், பாருங்கள்.

பெயர் கிடைத்ததும் பார்க்க வேண்டியது 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது 716-ஆம் சட்டம். தீபகற்ப மலேசியாவுக்கும் கோலாலம்பூர், புத்ராஜெயா, லாபுவான் கூட்டரசுப் பிரதேசங்களுக்கும் இதுதான். சபாவுக்கும் சரவாக்குக்கும் தனித் தனிச் சட்டங்கள் உண்டு. அங்கிருந்து இங்கே கொண்டுவருவது அடுத்த ஊரிலிருந்து கொண்டுவருவது போன்றதல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். 716-ஆம் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருப்பவை பாதுகாக்கப்பட்ட உயிர்கள். இவற்றை வைத்திருக்க பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் லைசன்ஸ் வேண்டும். இரண்டாம் அட்டவணையில் இருப்பவை முழுமையாகப் பாதுகாக்கப்பட்டவை. அவற்றுக்குச் சிறப்பு அனுமதி வேண்டும். செல்லப் பிராணியாக வளர்க்க ஆசைப்படும் ஒரு வீட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம். இந்த அட்டவணைகள் அரசாங்கக் கெஸட் வழியாக அவ்வப்போது மாற்றப்படுகின்றன. நண்பர் மூன்று வருடத்துக்கு முன் சொன்னதையும், கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய பட்டியலையும் நம்பிப் பணம் கட்டாதீர்கள். லத்தீன் பெயரை எழுதிக்கொண்டு பெர்ஹிலித்தான் அலுவலகத்திலேயே கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை. கேட்டதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலில் வாங்கினால் அதுவே பின்னால் உங்களுக்கு ஒரு சான்று.

பெயர் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஆய்வாளர்கள் தவளைகளின் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் 'டம்பி'யை லிட்டோரியா செருலியா என்றும் எழுதுவார்கள், ரனாய்டியா செருலியா என்றும் எழுதுவார்கள். தவளை ஒன்றுதான். சட்ட அட்டவணையில் பழைய பெயர், கடை ரசீதில் புதிய பெயர் என்று வந்தால் 'பட்டியலில் இல்லை' என்று தவறாக முடிவு செய்துவிட வாய்ப்புண்டு. இரண்டு பெயரையும் கொடுத்துக் கேளுங்கள்.

2022-இல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மிகக் கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 1 மில்லியன் ரிங்கிட் வரை, சிறை 15 ஆண்டு வரை என்று உயர்த்திவிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட உயிர்களை இணையத்தில் விற்பனைக்கு விளம்பரம் செய்வதையும் சட்டத்தின் பிடிக்குள் கொண்டுவந்தார்கள். ஒரு வீட்டுத் தவளைக்கு யாரும் 15 ஆண்டு கொடுக்கப் போவதில்லை. ஆனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் காலம் போய்விட்டது.

இப்போது அந்தச் சிவப்புக் கண் தவளை. உங்கள் நான்கில் எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் பார்த்தவுடன் யாருக்கும் பிடித்துப் போகும். அகலிக்னிஸ் கல்லிட்ரியாஸ் என்பது இதன் பெயர். தென் மெக்சிகோவிலிருந்து கொலம்பியா வரையிலான காடுகள்தான் இதன் ஊர். 2010-இல் கத்தாரின் டோஹாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில், ஹொண்டுராஸும் மெக்சிகோவும் கொண்டுவந்த முன்மொழிவின் பேரில், இந்த இனத்தையும் இதன் நெருங்கிய உறவுகளையும் இரண்டாம் இணைப்பில் சேர்த்தார்கள். அழிந்துபோகும் அபாயத்தைத் தடுக்க உலக நாடுகள் செய்துகொண்ட வணிக உடன்பாடுதான் சைட்டிஸ். இரண்டாம் இணைப்பு என்றால் விற்கவே கூடாது என்று பொருளில்லை. எந்த நாட்டு எல்லையைத் தாண்டினாலும் அனுமதித் தாள் கூடவே வர வேண்டும் என்று பொருள்.

மலேசியாவில் அந்த உடன்பாட்டுக்குப் பல் கொடுப்பது 2008-ஆம் ஆண்டின் அனைத்துலக அருகிவரும் உயிரின வணிகச் சட்டம், 686-ஆம் சட்டம். பலர் இதில் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடத்தி வந்தவரை மட்டும் இந்தச் சட்டம் தேடுவதில்லை. அனுமதியில்லாமல் நாட்டுக்குள் வந்த உயிரைக் கையில் வைத்திருப்பவரையும், விற்பவரையும், விற்பனைக்குக் காட்டுபவரையும் சேர்த்தே பிடிக்கிறது. தனிநபருக்கு ஒவ்வோர் உயிருக்கும் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மொத்தத்தில் 1 மில்லியன் வரை. அல்லது 7 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 300 ரிங்கிட் தவளைக்கு.

'சூராட் லெங்காப்' என்ற சொல்லை நான் நிறையக் கேட்டுவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் பெருநிலப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து அவருடைய இரண்டு சிவப்புக் கண் தவளைகளை எடுத்துப் போய்விட்டார்கள். வாக்குமூலத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். இலையின் அடிப்பக்கத்தில் காலை மடக்கி, பச்சை முதுகை மட்டும் காட்டிக்கொண்டு ஒரு தவளை தூங்குகிறது. மூடிய கண்ணின் மேல் பொன்னிழையால் பின்னியதுபோல் ஒரு மெல்லிய வலை. உண்மையிலேயே அழகான உயிர். "கடையில் பேப்பர் கொடுத்தார்களா?" என்றேன். கொடுத்தார்கள் என்று மடித்து வைத்திருந்த ரசீதை எடுத்து மேசையில் பிரித்து வைத்தார். அதில் எழுதியிருந்தது: 'அக்சசொரி அக்குவாரியம், 2 உனிட்', அதாவது மீன்தொட்டித் துணைப்பொருள் இரண்டு. தவளை என்ற சொல்லே இல்லை. கடையோ அதற்குள் வேறு பெயருக்கு மாறிவிட்டது. அவர் மீது கடைசியில் வழக்குப் போடவில்லை, ஆனால் எட்டு மாதம் அந்தப் பையன் சரியாகத் தூங்கவில்லை. அவன் நம்பியது ஒரு கடையின் வாய்வார்த்தையை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஆகவே பேஸ்புக் விற்பனையாளரிடம் கேட்க வேண்டியது இது. வெளிநாட்டிலிருந்து வந்த தவளை என்றால், அந்தத் தொகுதித் தவளைகளுக்கான சைட்டிஸ் அனுமதியையும் மலேசிய இறக்குமதி அனுமதியையும் காட்டச் சொல்லுங்கள். அனுமதித் தாளில் மூலத்தைக் குறிக்கும் ஒரு கட்டம் இருக்கும். 'சி' என்றால் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டது, 'டபிள்யூ' என்றால் காட்டில் பிடித்தது. இறக்குமதி செய்தவர் பெயர், எண்ணிக்கை, தேதி மூன்றையும் படியுங்கள். போன வருடம் 10 தவளைக்கு வாங்கிய ஒரே தாளை இன்று வரை நூறு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் உண்டு. 'இங்கேயே தலைப்பிரட்டையிலிருந்து வளர்த்தது' என்று சொன்னால், தாய் தகப்பன் தவளைகள் எந்தத் தாளோடு வந்தன என்று கேளுங்கள். பெற்றவைக்கு வழி சரியில்லை என்றால் பிள்ளைக்கும் சரியாகாது. பாதி மறைத்த படம், மங்கலான படம், 'பணம் போட்டதும் அனுப்புகிறேன்' என்ற பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். என் கருத்தைச் சொல்வதென்றால், முதல் முறையாக வளர்க்கப் போகும் ஒரு பையனுக்கு இந்தத் தவளை வேண்டாம்.

ஹாட்யாய்த் தவளையைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. உங்கள் அண்ணன் மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு டப்பாவில் ஈரத் துணியைப் போட்டு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்டு, பையில் துணிகளுக்கு நடுவே வைத்து பாடாங் பெசாரில் இறங்கிவிடலாம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். உயிருள்ள விலங்கை நாட்டுக்குள் கொண்டுவர மாக்கிஸ் எனப்படும் தனிமைப்படுத்தல் பரிசோதனைத் துறையின் அனுமதி வேண்டும். 2011-ஆம் ஆண்டின் மலேசியத் தனிமைப்படுத்தல் பரிசோதனைச் சேவைகள் சட்டத்தின் 11-ஆம் பிரிவு அனுமதியில்லாத இறக்குமதிக்கு 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 6 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறது. இதில் அந்த இனம் பாதுகாக்கப்பட்டதா இல்லையா என்ற கேள்வியே எழாது. எந்தத் தவளையாக இருந்தாலும் இதே கதிதான். பாதுகாக்கப்பட்ட இனமாக வேறு இருந்துவிட்டால் மேலே சொன்ன சட்டங்களும் சேர்ந்துகொள்ளும். தாய்லாந்துப் பக்கத்தில் அந்த நாட்டின் ஏற்றுமதி விதிகள் வேறு.

இந்தக் கெடுபிடிக்குக் காரணமும் இருக்கிறது. உலகெங்கும் தவளைகளைக் கொன்று குவித்த கைட்ரிட் என்ற தோல் பூஞ்சை நோய், மனிதர்கள் தவளைகளை ஊர் விட்டு ஊர் கொண்டுபோனதால்தான் இவ்வளவு தூரம் பரவியது. 2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்த நோயால் குறைந்தது 501 நீர்நில வாழ்வினங்கள் சரிவைக் கண்டதாகவும் அவற்றில் 90 அழிந்தே போயிருக்கலாம் என்றும் கணக்கிட்டது. நோய் தாங்கிய தவளை பார்க்க நன்றாகவே இருக்கும். டப்பாவைக் கழுவிய தண்ணீர் சாக்கடைக்குப் போகும், சாக்கடை ஆற்றுக்குப் போகும். நம் தீவின் மலை ஓடைகளில் அன்சோனியா பினாங்கென்சிஸ் என்று ஒரு சின்னத் தேரை இருக்கிறது. நம் ஊர்ப் பெயரையே சுமந்துகொண்டிருக்கும் அது, இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது. அதற்கு ஒரு கெடுதல் வந்தால் திரும்பக் கொண்டுவர முடியாது. எல்லையில் அதிகாரி டப்பாவைத் திறந்து பார்ப்பதை நான் அந்தச் சின்ன உயிரின் பக்கம் நின்றுதான் பார்க்கிறேன்.

கடையில் இருக்கும் 'டம்பி'க்கு வருவோம். உங்கள் மகனுக்கு நான் சம்மதம் சொல்லக்கூடியது இதுதான். ஒயிட்ஸ் மரத்தவளை என்பார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூகினியின் தென் பகுதியிலும் வாழ்வது. 1790-இல் ஜான் வொயிட் என்பவர் இதை முதலில் விவரித்து எழுதினார். 'செருலியா' என்றால் நீலம். பச்சைத் தவளைக்கு நீலம் என்று பெயர் வந்த காரணம், சாராயத்தில் போட்டு அனுப்பிய மாதிரிகளின் மஞ்சள் நிறமி கரைந்து அவை நீலமாகிப் போனதுதான். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள், வகுப்பில் எல்லாரிடமும் சொல்வான்.

இந்த இனம் சைட்டிஸ் இணைப்புகளில் இல்லை. அதனால் 686-ஆம் சட்டத்தின் பாரம் இதற்கு இல்லை. ஆனால் ஆஸ்திரேலியா தன் நாட்டுக் காட்டுத் தவளைகளை உயிரோடு வணிகத்துக்கு ஏற்றுமதி செய்ய விடுவதில்லை. ஆகவே நம் கடைகளில் இருப்பவை ஒன்று, பல தலைமுறையாகக் கூண்டில் வளர்ந்தவற்றின் வாரிசுகள். இல்லையென்றால், இந்தோனேசிய பாப்புவாவில் காட்டிலிருந்து பிடித்தவை. முதல் வகையைத்தான் நீங்கள் தேட வேண்டும். காட்டுத் தவளைகளில் பல வரும் வழியிலேயே நலிந்துவிடும், தாளும் பெரும்பாலும் கூட வராது. இங்கே வளர்த்ததா, யார் வளர்த்தது, எப்போது கால் முளைத்தது என்று கேட்டால் நல்ல வளர்ப்பாளர் முகம் மலர்ந்து பதில் சொல்வார். குட்டிகளையும் தாய் தகப்பனையும் காட்டக்கூடத் தயங்க மாட்டார்.

ரசீது விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கடையின் பெயர், வணிகப் பதிவு எண், தேதி, தவளையின் லத்தீன் பெயர், எத்தனை, உள்நாட்டில் வளர்த்தது என்ற ஒரு வரி, கையெழுத்து. எழுதித் தர முடியாது என்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். இந்த ரசீதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் இருக்கும் கோப்பிலேயே வையுங்கள். வந்த முதல் நாள் தவளையைப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பின்னால் 'இது எங்கிருந்து வந்தது' என்று யார் கேட்டாலும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் பேச்சு. கடைக்காரர் ஒன்றைச் சொல்லி இன்னொன்றைக் கொடுத்துவிட்டாலும் இதே ரசீதுதான் உங்கள் ஆயுதம். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி 50,000 ரிங்கிட் வரை உரிமை கோரலாம். அங்கே வழக்கறிஞரே தேவையில்லை.

நீங்கள் வாடகைக்கு இருக்கிறீர்கள், அதுவும் அடுக்குமாடியில். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் செல்லப் பிராணி பற்றி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் 'சரி' என்று வந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் இருக்கட்டும். அடுத்து கட்டட நிர்வாகம். 2015-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின் மூன்றாம் அட்டவணையில் 14-ஆம் துணைவிதி, மற்ற குடியிருப்பாளருக்குத் தொல்லையாகவோ, பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் ஆபத்தாகவோ இருக்கும் விலங்கை வைத்திருக்கக் கூடாது என்கிறது. மீறினால், எழுத்து மூலம் நோட்டீஸ் கிடைத்த மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். இதற்கு மேலும் உங்கள் கட்டடத்துக்கென்று சொந்த விதிகள் இருக்கக்கூடும், ஜேஎம்பி (கட்டடத்தின் கூட்டு நிர்வாகக் குழு) அலுவலகத்தில் பிரதி கேளுங்கள்.

கண்ணாடிப் பெட்டியில் சும்மா உட்கார்ந்திருக்கும் தவளை யாருக்கு என்ன தொல்லை என்று நினைப்பீர்கள். தவளை தன் வாயால் கெடும் என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை. ஆண் டம்பி மழைக்காலத்தில் இரவு இரண்டு மணிக்கு அடித்தொண்டையிலிருந்து 'க்ராக், க்ராக்' என்று தொடர்ந்து கத்தும். சன்னல் திறந்திருந்தால் மேல் மாடிக்கும் கேட்கும். தீனிக்காக வாங்கும் கிரிக்கெட் பூச்சிகள் தப்பித்துப் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் கத்தினால் அதுவும் புகார்தான். கூடத்தின் உட்புற மூலையில், பொதுச் சுவரிலிருந்து தள்ளிப் பெட்டியை வையுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். என் அனுபவத்தில், முன்னால் சொன்ன ஒரு வார்த்தை பல நோட்டீஸ்களைத் தடுத்திருக்கிறது.

உங்கள் மகனின் வயதையும் கொஞ்சம் பேச வேண்டும். நம் தண்டனைச் சட்டத்தில் 10 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குத்தான் குற்றப் பொறுப்பு அறவே கிடையாது. 14 வயதுப் பையன் தெரிந்து செய்த காரியத்துக்கு, தேவைப்பட்டால், சிறார் நீதிமன்றத்தில் நிற்க வேண்டியவனே. வீட்டில் ஒன்று இருந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர்கள் பெற்றோர் என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. அவன் பெயரில் இணையத்தில் கணக்குத் திறந்து வாங்கவோ விற்கவோ விடாதீர்கள். நாளைக்குத் தவளைகள் முட்டையிட்டுக் குட்டிகள் ஆனால், 'விற்பனைக்கு' என்று படம் போடும் ஆசை வரும். அதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

டம்பி நன்றாகப் பராமரித்தால் 15 வருடத்துக்கு மேல் வாழும். அப்போது உங்கள் மகனுக்கு 30 வயது. நடுவில் எஸ்பிஎம் தேர்வு வரும், பல்கலைக்கழகம் வரும், அவன் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ போய்விட்டால் இரவில் பூச்சி போடப் போவது நீங்கள்தான். 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வைத்திருப்பவருக்குக் கடமை விதிக்கிறது. தகுந்த இடம், தகுந்த தீனி, இயல்பாக நடந்துகொள்ள வசதி, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பு. கொடுமைப்படுத்தியதாக நிரூபணமானால் அபராதம் 20,000 ரிங்கிட்டிலிருந்து தொடங்குகிறது. மரத்தவளைக்கு உயரமான பெட்டியும் ஏறுவதற்குக் கிளைகளும் வேண்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, குளோரின் நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும், அதன் தோல் தண்ணீரைக் குடிக்கிற தோல். அலுத்துப் போனாலும் ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கமோ தாவரவியல் பூங்காவிலோ கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். ஏன் என்று மேலே அந்தப் பினாங்குத் தேரையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா.

கடைசியாக, உங்கள் சமையலறையில் இருப்பது. நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது பாலிபெடேட்டஸ் லூக்கோமிஸ்டாக்ஸாக இருக்க வேண்டும். தோட்டப்புறத்துக் குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்குமே, நம் பாட்டிமார் 'தேரை' என்று சொல்லிக் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்களே, அந்த இனம். ஊரெல்லாம் இருப்பது. உங்கள் மாமியார் வீட்டுக் கொல்லையில் பிடித்ததற்காகப் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தப் பிடிக்கும் பழக்கம் கொல்லையோடு நிற்காது என்பதுதான் என் கவலை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பினாங்கு மலை ஓடைக்கோ தெலுக் பஹாங்குக்கோ போவான். தெலுக் பஹாங்கில் இருப்பது 2003-இல் அறிவிக்கப்பட்ட பினாங்கு தேசியப் பூங்கா. அங்கே அனுமதியின்றி எந்த உயிரையும் பிடிக்கக் கூடாது. காட்டில் பறக்கும் தவளை என்று சொல்லப்படும் பெரிய பாதங்கள் கொண்ட பச்சைத் தவளைகளைப் பிடித்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் ஒரு சுறுசுறுப்பான பையன் பட்டால் அவனையே ஆளாக்கிக்கொள்வார்கள்.

அதனால் இந்த வாரமே அவனைக் கூட்டிக்கொண்டு சுங்கை பக்காப் போய்விட்டு வாருங்கள். பிடித்த அதே இடத்தில், பொழுது சாய்ந்த பிறகு, பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்துவிடச் சொல்லுங்கள். விரல் நுனி வட்டங்களைப் பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்து, அது மெல்ல ஏறி வெளியே வருவதை அவன் பார்க்கட்டும். உங்கள் மாமியார் வீட்டில் மழைநீர் பிடிக்கும் டிரம் இருந்தால் அதன் உள்விளிம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். சவுக்காரத்தை அடித்து ஒட்டியதுபோல் மஞ்சளான ஒரு நுரைக் கட்டி இருந்தால், அது இந்தத் தவளையின் முட்டைக் கூடு. சில நாளில் அதிலிருந்து தலைப்பிரட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே தண்ணீரில் சொட்டும். டிரம்மைக் கழுவ வேண்டாம் என்று பாட்டியிடம் அவனே சொல்லட்டும்.